விண்டோஸ் 10-க்குத் திரும்பவா, 11-லேயே இருக்கவா? கேம் சிஸ்டம், அவசரம்

ஹெட்ஷாட்_மக்கா:
அண்ணன்மாரே, வீட்டில் கேம் ஆட ஒரு சிஸ்டம் இருக்கிறது. நன்றாகத்தான் ஓடியது. விண்டோஸ் மாற்றியதில் இருந்து கேம் திறக்கவில்லை, எரர் வருகிறது. பழையபடி 10 போடவா, இல்லை 11-லேயே வேறு வெர்ஷன் போடவா? ஹோமா, புரோவா? எது கேமுக்கு நல்லது? சாயங்காலம் கூட்டாளிகள் எல்லாம் ஆன்லைன் வருவார்கள், அதற்குள் சொல்லுங்கள். பென் டிரைவ் ரெடி.

தக்கலை_ரேம்:
என்ன கேம்? என்ன எரர்? என்ன பிராசசர்? ரேம் எவ்வளவு? தனி கிராபிக்ஸ் கார்டு உண்டா?

நாஞ்சில்_மூத்தவர்:
உதவி கேட்பவர் தரவேண்டிய விவரங்களை மேலே பின் செய்து வைத்திருக்கிறேன். படிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இங்கே யாருக்கும் அந்த ஒரு நிமிடம் இருந்ததே இல்லை.

கொளச்சல்_காற்று:
விண்டோஸை விடு மக்கா. கேபினெட்டைத் திறந்து ரேமைக் கழற்று. அடியில் தங்க நிறத்தில் இருக்கும் பட்டைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மாட்டு. உப்புக் காற்று ஏறினால் இப்படித்தான். என் வீட்டில் முன்பக்க யுஎஸ்பி இரண்டும் துருவேறிப் போயின.

பென்குவின்_பிதா:
10-உம் வேண்டாம், 11-உம் வேண்டாம். லினக்ஸ் போடுங்கள். ஸ்டீம் கேம் கடையில், விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் 2018-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை இப்போது அதில் ஓடுகின்றன. உரிமம், ஆக்டிவேஷன் என்று ஒரு தலைவலியும் இல்லை.

தக்கலை_ரேம்:
என்ன கேம் என்று தெரியாமல் எப்படி ஓடும் என்கிறீர்கள்?

இரணியல்_ஐஎஸ்ஓ:
10-இன் நீண்டகாலப் பதிப்பான எல்டிஎஸ்சி 2021. கண்ணை மூடிக்கொண்டு போடு. ஸ்டோர் கிடையாது, விளம்பரம் கிடையாது, தேவையில்லாத ஆப் ஒன்றும் கிடையாது. அதிலேயே ஐஓடி (சிறு கருவிகளுக்கான) பதிப்பு என்றால் 2032 ஜனவரி வரை அப்டேட்.

ஹெட்ஷாட்_மக்கா:
கேம் வேலோரன்ட். அதைத் தவிர வேறு என்ன ஆடப்போகிறேன். ரைசன் 3 2200ஜி, 8 ஜிபி ரேம், தனி கார்டு இல்லை. எரர் வேன் 9001. விண்டோஸ் சித்தப்பா பையன் போட்டுத் தந்தான். "உன் சிஸ்டத்துக்கு 11 ஏறாது, நான் ஏற்றித் தருகிறேன்" என்று பென் டிரைவில் விண்டோஸ் ஏற்றும் ரூஃபஸ் கருவியை வைத்து ஏதோ செய்தான்.

தக்கலை_ரேம்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பத்துப் பதில் மிச்சம்.

பென்குவின் அண்ணே, வேலோரன்ட் லினக்ஸில் ஓடாது. அதன் வேன்கார்டு விண்டோஸின் அடிமட்டத்தில் உட்காரும் காவல் நிரல். புரோட்டானால் அதற்கு இடம் கொடுக்க முடியாது.

பென்குவின்_பிதா:
அப்படியானால் வேறு கேம் ஆடலாமே.

நாஞ்சில்_மூத்தவர்:
விஷயம் தெளிவு. 2200ஜி என்ற பெயரில் 2000 இருக்கிறதே தவிர உள்ளே இருப்பது முதல் தலைமுறை ஜென் வடிவமைப்பு. 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசசர் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாத சிஸ்டத்தில் 11-ஐத் திணித்தார்கள், தண்டனை கிடைத்திருக்கிறது. 10-க்குத் திரும்பு. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்றாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நீட்டிப்புக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். இழையை மூடலாம்.

கருங்கல்_சர்வீஸ்:
மூடவேண்டாம் சார். பட்டியல் வேறு, டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி வேறு. இரண்டையும் ஒன்றாக்கித்தான் பாதிப் பேர் நல்ல சிஸ்டத்தை விற்கிறார்கள்.

9001 என்றால் வேன்கார்டு கேட்பது இரண்டே இரண்டு: டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் வசதி). 11-இல் இரண்டும் ஆனில் இருக்கவேண்டும். 10-இல் இந்த எரர் வராததால்தான் தம்பிக்கு முன்பு ஓடியது. பிராசசர் பட்டியலில் உண்டா என்று வேன்கார்டு பார்ப்பதில்லை. 2200ஜி-க்குள்ளேயே டிபிஎம் இருக்கிறது, பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) எஃப்டிபிஎம் என்ற பெயரில். அந்தக் காலத்துப் போர்டுகளில் அது அணைந்தே வரும். ரூஃபஸ் சோதனையைத் தாண்டவைத்ததால் இன்ஸ்டால் ஆகும்போது யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தம்பி, விண்டோஸ் விசையும் ஆர்-உம் சேர்த்து அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடி. பயாஸ் மோடு என்ற வரியில் லெகசி (பழைய முறை) என்று இருக்கிறதா, யுஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருக்கிறதா? அதைச் சொல். அதுவரை எதையும் தொடாதே.

தக்கலை_ரேம்:
அப்படியே வின்வெர் என்றும் அடித்து எந்த வெர்ஷன் என்று சொல்லு. ரேம் 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா, இரண்டு நாலா? தனி கார்டு இல்லாத சிஸ்டத்தில் கிராபிக்ஸும் ரேமைத்தான் பயன்படுத்தும். ஒற்றை ஸ்டிக் என்றால் ரேமின் பாதி வேகம் அங்கேயே போயிற்று. 10, 11, ஹோம், புரோ எதை மாற்றினாலும் அது திரும்பி வராது.

இரணியல்_ஐஎஸ்ஓ:
எஃப்டிபிஎம் ஆன் செய்தால் கேம் நடுவில் திணறும். எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கருங்கல்_சர்வீஸ்:
அது பழைய கதை. 2022-இல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, போர்டு கம்பெனிகள் வழியாக பயாஸ் அப்டேட் கொடுத்தார்கள். திணறினால் அப்டேட் செய்துகொள்ளலாம்.

ஹெட்ஷாட்_மக்கா:
லெகசி என்று இருந்தது. பயாஸில் போய் சிஎஸ்எம் என்பதை ஆஃப் செய்தேன், ஒரு வீடியோவில் அப்படித்தான் சொன்னான். இப்போது விண்டோஸே வரவில்லை. ஆன் செய்தால் நேராக பயாஸுக்குள் போகிறது. எல்லாம் போச்சா? போனில் இருந்து அடிக்கிறேன்.

நாஞ்சில்_மூத்தவர்:
"எதையும் தொடாதே" என்பது தமிழில்தானே எழுதியிருந்தது.

கருங்கல்_சர்வீஸ்:
ஒன்றும் போகவில்லை. பழைய முறையில் தொடங்கவிடுவதுதான் சிஎஸ்எம். அதைத் திரும்ப ஆன் செய், விண்டோஸ் வரும். உன் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்தது. யுஇஎஃப்ஐ-க்கு ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும். முதலில் டிஸ்கை மாற்ற வேண்டும், அப்புறம்தான் சிஎஸ்எம்மில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஸி, டி, ஈ எல்லாம் ஒரே டிஸ்கிலா, தனித்தனியா?

ஹெட்ஷாட்_மக்கா:
வந்துவிட்டது. உயிர் வந்தது அண்ணே. ஸி மட்டும் எஸ்எஸ்டி. டி பழைய ஹார்ட் டிஸ்க். வின்வெரில் 23எச்2. ரேம் ஒரே ஸ்டிக்.

கருங்கல்_சர்வீஸ்:
நல்லது. ஒரே டிஸ்கில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் போட்டு ஸி, டி, ஈ என்று பிரித்திருந்தால் இந்த வழி நடக்காது. பிரைமரி பார்ட்டிஷனும் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது.

முக்கியமான ஃபைல்களை டி-க்கு நகல் எடு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திற. எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. முதலில் வேலிடேட், கூடவே அலோஃபுல்ஓஎஸ். இரண்டுக்கும் முன்னால் சாய்கோடு போடணும். அது சரி என்று சொன்னால் வேலிடேட் இருந்த இடத்தில் கன்வெர்ட். சரி இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எழுது. முடிந்ததும் பயாஸில் சிஎஸ்எம் ஆஃப், எஃப்டிபிஎம் ஆன், செக்யூர் பூட் ஆன். செக்யூர் பூட் ஏற்கவில்லை என்றால் அதன் கீழேயே ஃபேக்டரி கீ ஏற்று என்று ஒரு வரி இருக்கும்.

டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள். ஆனில் இல்லாவிட்டால் கவலை இல்லை.

இரணியல்_ஐஎஸ்ஓ:
இவ்வளவு பாட்டுக்கு எல்டிஎஸ்சி போட்டிருந்தால் இந்நேரம் ஆடியிருப்பான்.

தக்கலை_ரேம்:
எல்டிஎஸ்சி கம்பெனிகளுக்கான பதிப்பு. வீட்டுக்குக் கடையில் வாங்க முடியாது. அப்படியானால் சாவி எங்கே இருந்து வருகிறது என்று நீங்களே சொல்லுங்கள். ஸ்டோர் இல்லாததால் நாளைக்கு மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தா வேண்டும் என்றால் அதோடு தனியாக மல்லுக்கட்டணும்.

இரணியல்_ஐஎஸ்ஓ:
கருங்கல் அண்ணன் கடையில் போட்டுத் தரும் விண்டோஸ் எல்லாம் ஒரிஜினலோ?

கருங்கல்_சர்வீஸ்:
ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரிஜினல் விலையைச் சொன்னால் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். பழைய லேப்டாப் என்றால் அதன் உரிமம் போர்டிலேயே இருக்கும், அதை வைத்தே ஏற்றித் தருவேன். அசெம்பிள் செய்ததற்கு ஆக்டிவேட் செய்யாமல் கொடுப்பேன், மூலையில் எழுத்து தெரியும், கேம் ஓடும். ஆனால் நெட்டில் கிடைக்கிற "லைட்" ஐஎஸ்ஓவை (விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல்) மட்டும் போடமாட்டேன். டிஃபெண்டர் ஆன்டிவைரஸையும் அப்டேட்டையும் யாரோ ஒருவன் பிடுங்கி எறிந்த பதிப்பு அது. பிடுங்கியவன் கூட எதைச் செருகினான் என்று யாருக்குத் தெரியும்? அதைப் போட்டு ஸ்டீம் கணக்கையே தொலைத்துவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நாஞ்சில்_மூத்தவர்:
ஆக்டிவேட் செய்யாமல் கொடுப்பதும் உரிம விதிப்படி சரியல்ல.

கருங்கல்_சர்வீஸ்:
சரி சார். நீங்கள் வந்து என் கடையில் ஒரு நாள் உட்காருங்கள். மார்ச், ஏப்ரலில் வாருங்கள், பரீட்சை முடிந்த பிள்ளைகள் வரும் நேரம்.

இரணியல்_ஐஎஸ்ஓ:
லைட் ஐஎஸ்ஓவால் என் 4 ஜிபி சிஸ்டம் பறக்கிறது. எனக்கு ஒன்றும் தொலையவில்லை.

தக்கலை_ரேம்:
இன்னும் தொலையவில்லை.

(இதற்குக் கீழே இருவரும் மாறி மாறி எழுதிய சில பதில்களை நீக்கியிருக்கிறேன். ஊர்ப்பெயர் சொல்லித் திட்டுவது இங்கே வேண்டாம். – நாஞ்சில்_மூத்தவர்)

ஹெட்ஷாட்_மக்கா:
ஓடிடுச்சு அண்ணே!! ராத்திரி முழுக்க ஆடினோம்.

ஹெட்ஷாட்_மக்கா:
காலையில் மறுபடி 9001. நான் எதையும் தொடவில்லை, சத்தியமாக. பயாஸில் பார்த்தால் எஃப்டிபிஎம் தானாகவே ஆஃப் ஆகியிருக்கிறது. பேசாமல் 10 போட்டுவிடவா?

கொளச்சல்_காற்று:
நான் முதலிலேயே சொன்னேன். உப்பு. போர்டில் ஏறியிருக்கும்.

தக்கலை_ரேம்:
தம்பி, வீடு எங்கே?

ஹெட்ஷாட்_மக்கா:
குலசேகரம்.

தக்கலை_ரேம்:
கொளச்சல் அண்ணே, ரப்பர்க் காட்டுக்குள் எந்தக் கடல்?

கொளச்சல்_காற்று:
காற்றுக்கு எல்லை உண்டா.

கருங்கல்_சர்வீஸ்:
ராத்திரி கரண்ட் போயிற்றா? கம்ப்யூட்டரின் மெயின் சுவிட்சை யாராவது அணைத்தார்களா? பிரவுசர் திறக்கும்போது "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று எப்போதாவது வருமா?

ஹெட்ஷாட்_மக்கா:
இங்கே சாயங்காலம் மழை என்றால் இடியும் கூட வரும். இடி இடித்தாலே அம்மா பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், டிவி, சிஸ்டம் எல்லாம். நேற்றும் ஆடி முடித்தபின் பிடுங்கினார்கள். கடிகாரம் எப்போதும் வருவதுதானே, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதையும் சொல்லவேண்டுமா?

கருங்கல்_சர்வீஸ்:
சொல்லியிருந்தால் நேற்றே முடிந்திருக்கும். போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. பிளக் மாட்டியிருக்கும்வரை பயாஸ் கரண்டில் நினைவை வைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினால் அந்தப் பேட்டரிதான் காக்கவேண்டும். அது தீர்ந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு தடவையும் பயாஸ் ஃபேக்டரி நிலைக்குப் போகிறது, எஃப்டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் அணைகின்றன, கடிகாரம் பழைய தேதிக்குப் போகிறது. 10-இல் இருந்தபோதும் இதுதான் நடந்திருக்கும். அப்போது அந்த இரண்டையும் யாரும் கேட்காததால் தெரியவில்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளு, துள்ளி வரும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே வருமாறு புதியதை வை. வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். அப்புறம் பயாஸில் சிஎஸ்எம், எஃப்டிபிஎம், செக்யூர் பூட் மூன்றையும் முன்பு சொன்னபடி திரும்ப வை. அம்மாவை ஒன்றும் சொல்லாதே, அவர்கள் செய்வது சரிதான்.

பென்குவின்_பிதா:
லினக்ஸில் டிபிஎம்மே தேவைப்பட்டிருக்காது.

தக்கலை_ரேம்:
வேலோரன்டும்தான்.

நாஞ்சில்_மூத்தவர்:
பேட்டரி என்பதை நானும் ஊகித்திருந்தேன். எழுதுவதற்குள் கருங்கல் எழுதிவிட்டார்.

தக்கலை_ரேம்:
தம்பி, பேட்டரி மாற்றியபின் இதையும் பார். உன் 23எச்2-க்கு ஹோம் பதிப்பில் 2025 நவம்பர் 11-உடன் அப்டேட் முடிந்தது. பட்டியலில் இல்லாத பிராசசருக்குப் புதிய வெர்ஷன் தானாக வராது. 25எச்2 ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்தில் இறக்கி, ரூஃபஸ் வழியாக மேலே ஏற்றவேண்டும், ஃபைல்கள் அப்படியே இருக்கும். வருடா வருடம் இந்த வேலை உண்டு. அது முடியாது என்றால் 10-உம் நீட்டிப்பும் என்று மூத்தவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதுவும் 2026 அக்டோபரோடு முடியும். ஹோமா, புரோவா என்று கேட்டாய், கேமுக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரில் N என்ற ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும் பதிப்பை மட்டும் எடுக்காதே. அதில் மீடியா பாகங்கள் இல்லை, சில கேம்கள் எம்எஃப்பிளாட் ஃபைலைக் காணோம் என்று நின்றுவிடும்.

ஹெட்ஷாட்_மக்கா:
பேட்டரி மாற்றியாச்சு. ஓடுது. நன்றி அண்ணன்மாரே 🙏

தக்கலை_ரேம்:
பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தாயா? 25எச்2 ஏற்றினாயா? இன்னொரு ஸ்டிக் ரேம்?

இரணியல்_ஐஎஸ்ஓ:
போயிட்டான். ஆடிக்கொண்டிருப்பான். மூத்தவரே, நீக்கிய பதில்களில் நான் எழுதியது மட்டும் ஏன் அதிகம் போயிருக்கிறது?