அபெர்ச்சருக்கு ஒரே சொல் போதுமா? வாயகலம், குவிய விகிதம், பிரிதிறன்

வணக்கம் அண்ணே,

அபெர்ச்சருக்கு தமிழ்ல "துளை"ன்னு ஒரே சொல் போதும்னு எழுதியிருந்தீங்க, எனக்கு அங்கதான் இடிக்குது. டெலஸ்கோப் வச்சிருக்கவங்க அபெர்ச்சர்னா ஒளிய வாங்கிக் குவிக்கிற லென்ஸோட, இல்லன்னா ஆடியோட விட்டத்த சொல்றாங்க, 60 மி.மீ, 130 மி.மீன்னு. கேமராக்காரங்க எஃப்/8, எஃப்/16ன்னு சொல்றது விட்டமே இல்ல, குவியத்தூரத்த (ஃபோகல் லெங்த்) விட்டத்தால வகுத்தா வர்ற எண். ரெண்டையும் துளைன்னா, எண்ணு ஏறினா துளை பெருசாகுமா சின்னதாகுமான்னு புதுசா படிக்கிறவன் முழிப்பான், நானே முழிச்சிருக்கேன்.

போன மாசம் மொட்டமாடியில 60 மி.மீ டெலஸ்கோப்ல ஒரு இரட்டை விண்மீன் பாத்தோம், நடுவுல ஒன்றரை விகலைதான் இடைவெளி, பஞ்சாங்கத்துல வர்ற அதே பாகை, கலை, விகலைதான் (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை), இதுக்கெல்லாம் புதுச்சொல் தேட வேணாம். ஒத்தப் புள்ளியாத்தான் தெரிஞ்சுது. பார்லோ லென்ஸ் போட்டு குவியத்தூரத்த ரெண்டு மடங்காக்கினேன், புள்ளி ஊதிப் பெருசாச்சே தவிர ரெண்டா பிரியல. பக்கத்து வீட்டு பையனோட 130 மி.மீல பாத்தா நடுவுல ஒரு இருட்டுக் கீத்து! எவ்ளோ நெருங்கின ரெண்டு விண்மீன ரெண்டா பாக்கலாம்னு சொல்ற டாஸ் வரம்புப்படி 116ஐ மி.மீ விட்டத்தால வகுக்கணும், 60க்கு 1.9 விகலை, 130க்கு 0.9, இதுல குவியத்தூரத்துக்கு வேலையே இல்ல.

கேமராவுல வேற கதை. ஒரு ஒளிப்புள்ளி சென்சார் மேல எவ்ளோ அகலமா விழும்ங்கறத எஃப் எண் தீர்மானிக்குது, 2.44 பெருக்கல் அலைநீளம் பெருக்கல் எஃப் எண். பச்சை ஒளிக்கு எஃப்/22ல கிட்டத்தட்ட 30 மைக்ரான், என் கேமரா பிக்சலோ 4 மைக்ரான். கோபுரம் அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் ஷார்ப்பா வரட்டும்னு 22க்கு மூடினேன், பொம்மைங்க முகமெல்லாம் மாவு பூசின மாதிரி ஆயிருச்சு, எஃப்/8ல மூக்கும் முழியும் வந்துச்சு. எல்லாம் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன், அதாவது ஒளி விளிம்புல பட்டு வளைஞ்சு பரவுறது) பண்ற வேலை. அந்தச் சொல்ல மட்டும் பாடப்புத்தகத்துல அருமையா வச்சிருக்காங்க, காரணமே பேர்ல இருக்கு.

அதனால விட்டத்துக்கு "வாயகலம்"னு வைப்போம், வாயகன்ற பாத்திரத்துல எண்ணெய் காய வைங்கன்னு சமையல் குறிப்புல வருதே, அதான். எஃப் எண்ணுக்கு "குவிய விகிதம்". ரெசல்யூஷனுக்கு "தெளிவுத்திறன்" வேணாம், அது கம்ப்யூட்டர் செட்டிங்ஸ்ல பிக்சல் கணக்குக்கு போயிருச்சு. ஒட்டி நிக்கிற ரெண்ட ரெண்டா காட்டுறதுதான் லென்ஸோட வேலை, அதுக்கு "பிரிதிறன்"தான் சரி.

---

தம்பி,

வாயகலம் நல்லாருக்கு, எடுத்துக்கிட்டேன். குவிய விகிதத்த கேமராக்காரங்க வாயால சொல்லுவாங்கன்னு தோணல, எஃப் எண்ணுன்னுதான் சொல்லுவாங்க, ரெண்டும் இருக்கட்டும். ஆனா ஒன்னு விட்டுட்டீங்க. காவலூர் வானாய்வகத்துல இருக்கிற வைணு பாப்பு தொலைநோக்கிக்கு வாயகலம் 2.34 மீட்டர், உங்க கணக்குப்படி பிரிதிறன் 0.05 விகலை வரணும், ஆனா மேல இருக்கிற காத்து கலங்குறதால ஒரு விகலை கிடைச்சாலே நல்ல ராத்திரி. அந்த "சீயிங்"குக்கு என்ன சொல்றது? நான் இப்போதைக்கு "காத்துக்கலக்கம்"னு போட்டு வைக்கிறேன், உங்களுக்கு வேற தோணினா எழுதுங்க.