கைக்குழந்தையோட பிளைட்டுல போனவங்க அனுபவம் சொல்லுங்க

மேலப்பாளையம் உம்மா:
ஜூன் மாசம், நல்ல மழ நேரம், திருவனந்தபுரத்துல ஏறி தோஹா போறோம். பேசினெட்ல, அதான் பிளைட்டுல குடுக்குத குட்டித் தொட்டில்ல, பிள்ள அப்பதான் கண்ணசந்தா, பெல்ட் லைட் எரிஞ்சிருச்சு, ஏர்ஹோஸ்டஸ் வந்து பிள்ளைய தூக்குங்க தூக்குங்கன்னு நிக்காவ. தூங்குத பிள்ளைய எழுப்ப சொல்லுதாவளேன்னு எனக்கு அம்புட்டு கோவம். தூக்கி மடில வச்சு, அந்த குட்டி பெல்ட்ட என் பெல்ட்டுல கோத்து மாட்டி முடிக்கல, பிளைட் சடார்னு கீழ போச்சு பாருங்க. பேசினெட்ல கெடந்த பால் பாட்டில் நேரா மேல போயி கூரைல டப்புன்னு அடிச்சு பின்சீட்டுக்காரர் தோள்ல விழுந்துச்சு. பிள்ள தல வச்சிருந்த எடத்துல கெடந்த பாட்டில். இன்னைக்கும் அந்த சத்தம் காதுல கேக்கு.

அம்பை அண்ணாச்சி:
வாகைக்குளம், அதான் தூத்துக்குடி ஏர்போர்ட்ல இருந்து மெட்ராஸ் போற சின்ன பிளைட்டு. பேரன் அழுதான்னு மருமக குட்டி பெல்ட்ட கழட்டிட்டு அணைச்சு புடிச்சுக்கிட்டா, ஒண்ணும் ஆகல. பெத்தவ புடியவிட பெல்ட்டா பெருசு?

பாளை மதினி:
அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதீய, புடிக்கவே முடியாது. 1989ல அமெரிக்கால யுனைடெட் கம்பெனியோட 232ம் நம்பர் பிளைட் விழுந்தப்ப மடில நாலு குழந்தைங்க இருந்துச்சு, அப்ப இருந்த விதிப்படி தரையில வச்சு புடிச்சுக்கிட சொன்னாவ, அதுல ஒண்ணு தப்பல. அப்பிடி சொன்ன பணிப்பெண்ணே பொறவு குழந்தைக்கு தனி சீட்டு வேணும்னு வருசக்கணக்கா போராடுனாவ. மதுரைல ஒருத்தர் தன் பெல்ட்டயே பிள்ளைக்கும் சேத்து சுத்திக்கிட்டதயும் பாத்தேன். பிளைட் குலுங்கி நின்னா பெரியாள் எடை முழுக்க பிள்ள மேலதான் அமுக்கும், பாத்துக்கிட்டு இருக்க முடியல, நானே எந்திரிச்சு போய் சொன்னேன்.

வள்ளியூர்க்காரன், டல்லாஸ்:
என் கத சின்னதுதான், சிகாகோல அந்த குட்டி பெல்ட் கேட்டேன், தர மாட்டோம்னாங்க. ஐரோப்பால மடில வச்சா அத போட்டே ஆகணும், அமெரிக்கால அனுமதியே இல்ல, அடிபடும்போது பிள்ள பெரியாளுக்கு மெத்த மாதிரி ஆயிருதுன்னு. யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லுதேன். ரெண்டு வயசுக்குள்ளயே இருந்தாலும் முடிஞ்சா தனி டிக்கெட் போட்டு, கார்ல பிள்ளைய உக்கார வச்சு கட்டுத கார் சீட் கொண்டு போங்க. அமெரிக்கால வாங்குன சீட்டுன்னா விமானத்துக்கும் ஆகும்னு சிவப்பு எழுத்துல ஒட்டியிருக்கும், அத பாத்து வாங்குங்க, அகலம் 16 இன்ச்சுக்குள்ள இருந்தா பெரும்பாலான பிளைட் சீட்டுல உக்காரும். ஜன்னல் ஓரம் போடுங்க, அப்பதான் ஆபத்துல மத்தவங்க வெளிய போக வழி இருக்கும். எமர்ஜென்சி கதவு வரிசைலயும் அதுக்கு முன்னபின்ன வரிசைலயும் விட மாட்டாங்க. நெஞ்சோட கட்டிக்கிடுத பேபி கேரியர் டேக் ஆஃப், லேண்டிங்குக்கு கணக்குல வராது. நம்மூரு பிளைட் கம்பெனிக்கு டிக்கெட் போடுமுன்ன போன் பண்ணி கார் சீட் விடுவீயளான்னு கேட்டுக்கிடுங்க. ஒரு வயசு தாண்டுனா கேர்ஸ்னு (CARES) பிள்ள தோள்ல மாட்டுத பெல்ட் ஒண்ணு இருக்கு, சீட்டோட முதுகுல சுத்தி மாட்டணும், பைக்குள்ள அடங்கிரும். காது அடைக்கும், பால் குடுக்கணும்னுதான் பெல்ட்ட கழட்டுதாவ, பெல்ட் கெடந்தாலும் பால் குடிக்கலாம், பாட்டிலாவது குடுங்க.

தென்காசி புள்ள:
அண்ணே, பாப்பாக்கு ஒன்ற வயசு, 9 கிலோ. கேர்ஸ் வாங்கலாமா?

வள்ளியூர்க்காரன், டல்லாஸ்:
வேண்டாம்மா, 10 கிலோல இருந்து 20 கிலோ வரைக்கும்தான், உயரமும் 1 மீட்டருக்குள்ள இருக்கணும். இப்பதைக்கு கார் சீட்டே எடுத்துட்டு போங்க.