வேங்கிக்குப் போன இளைய குந்தவை: "அவளுக்குப் போகப் பிடிச்சிருந்துச்சா?"

வெட்டாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை சாயந்திரம் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பேன். இரண்டு வருடமாக நானே ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் கேட்பது அந்தப் பிள்ளைகள்தான்.

கதை இளைய குந்தவையைப் பற்றியது. ராஜராஜனின் அக்கா குந்தவையை எல்லாருக்கும் தெரியும். அந்த அத்தையின் பெயரையே வைத்துக்கொண்ட ராஜராஜனின் மகளை யாரும் கண்டுகொள்வதில்லை. கீழைச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இன்றைய ஆந்திராவில் இருந்த வேங்கி நாட்டுக்குப் போனாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. என் கதையில் அவளுக்குப் பதின்மூன்று வயதில் தொடங்கி, கி.பி. 1000 வாக்கில் பதினைந்து வயதில் கல்யாணத்தோடு முடிகிறது.

போன வாரம் கல்யாணம் நிச்சயமாகும் அத்தியாயத்தை வாசித்தேன். அரண்மனை மேல்மாடம், கீழே நிலா வெளிச்சத்தில் காவேரி, விமலாதித்தன் வீணை வாசிக்கிறான், இவள் மயங்கி நிற்கிறாள். வாசித்து முடித்ததும் ஏழாவது படிக்கிற ஒரு பெண், "அத்தே, அவளுக்குப் போகப் பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டாள். வீணை வாசித்தவனைப் பிடித்ததா என்று கேட்கவில்லை. போகப் பிடித்ததா என்றுதான் கேட்டாள். "அடுத்த வாரம் சொல்றேன்மா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுதியதை மறுபடி படித்தால் எனக்கே பொய்யாகத் தெரிந்தது. அவள் மனசு எங்கேயும் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எப்படி எழுதலாம்? தகவல் பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

கல்வெட்டுப் பித்தன்:

நல்ல கதையை எடுத்திருக்கிறீர்கள் அம்மா. முதலில் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் அரண்மனைக்குக் கீழே காவேரி ஓடாது. நீங்கள் திருவையாற்றுக்காரர், உங்களுக்குத் தெரியாததா! தஞ்சையிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எல்லாம் தாண்டித்தானே காவேரி. பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிற புது ஆற்றையும் எழுதிவிடாதீர்கள். அது 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்.

1000த்தில் கல்யாணம் என்றால் பெரிய கோயிலே கதையில் வரக்கூடாது. விமானத்தில் கலசம் வைத்தது 1010இல்தான். முன்னால் இருக்கும் பெரிய நந்தியோ நாயக்கர் காலத்தது. சமையலறைக் காட்சி இருந்தால் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவும் வேண்டாம். மிளகு, சீரகம், கடுகு, புளி, நெய், தயிர், வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கல்வெட்டிலேயே அமுதுபடிக்குச் சொல்லியிருக்கிற சாமான்கள் இவை.

இன்னொன்று. விமலாதித்தனின் தகப்பன், வேங்கி மன்னன் தானார்ணவனை, தெலுங்குச் சோடத் தலைவன் ஜடாசோட பீமன் கொன்றது 973இல். மகன்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழ நாட்டில் அடைக்கலம் புகுந்தவர்கள். அப்படியென்றால் 1000த்தில் மாப்பிள்ளைக்கு இருபத்தாறு வயதுக்குக் குறையாது. நாடிழந்து வந்த வீட்டுப்பிள்ளை, பாதி வாழ்க்கைக்கு மேல் தமிழ் கேட்டு வளர்ந்தவர். அவரை அப்படியே எழுதினால் வீணையே தேவைப்படாது.

கடைசியாக ஒன்று, இது உங்கள் ஊர்ச் சமாசாரம். ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014 வாக்கில், விமலாதித்தன் திருவையாற்றுக் கோயிலுக்கு வெள்ளிக் கலசங்கள் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. அப்போது அவர் வேங்கி மன்னர்.

மன்னார்குடி டீச்சர்:

அக்கா, நான் எட்டாவது வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் இருபத்தாறு வயது ஆணுக்கும் காதல் என்று நிலா வெளிச்சத்தில் எழுதாதீர்கள், தயவுசெய்து. எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது அது. பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை பார்க்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது என்பதை மறைக்கவும் வேண்டாம், அழகாக்கவும் வேண்டாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதையே எழுதுங்கள். அப்புறம் அவள் வேறு எதை எல்லாம் ஆசைப்பட்டாள் என்று எழுதுங்கள்.

கோதாவரிக்கரை மருமகள்:

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு. பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கல்யாணமாகி ராஜமகேந்திரவரத்துக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. அவள் போன திசையில் ரயிலில் போனவள் நான்.

வந்த புதிதில் எல்லாமே நம் ஊர் மாதிரி இருக்கும். அதுதான் கஷ்டம். அதே நெல் வயல், வாய்க்கால், தென்னை, வரப்பில் கொக்கு. ஜன்னலோரம் கண்ணைத் திறந்தால் ஒரு நிமிஷம் மன்னார்குடி தாண்டிவிட்டோமோ என்று தோன்றும். பிறகு யாராவது பேசுவார்கள், ஒரு வார்த்தை புரியாது. முதலில் பிடிபட்ட சொல் 'நீள்ளு'. நம்ம நீர்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் ஒரு வாரம் ஓட்டினேன்.

ஆற்றைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். எங்கள் ஊர் ஆற்றில் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் குரல் கொடுத்தால் பதில் வரும். இங்கே அகண்ட கோதாவரி, எதிர்க்கரை ஒரு கோடாகத்தான் தெரியும். முதல் வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று ஆறு நிறையத் தண்ணீர், ஆனால் கரையில் யாரும் இல்லை. இங்கே அந்தப் பண்டிகை கிடையாது. புளிசாதமும் தேங்காய்ச்சாதமும் கட்டிக்கொண்டு, காதோலை கருகமணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். தண்ணீரில் விட்டேன். அன்றைக்குத்தான் அழுதேன், கல்யாணத்தன்று அழவில்லை.

அவளுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால், கிளம்பும்போது அவளுக்கே தெரிந்திருக்காது என்றுதான் சொல்வேன். எனக்குத் தெரிய ஆறேழு வருஷம் ஆயிற்று. அதனால் கல்யாணத்தோடு முடிக்காதீர்கள் அக்கா. போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வருஷமாவது எழுதுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வேங்கி என்பது ஏலூருக்குப் பக்கத்துப் பெதவேகி. அரண்மனை வாசலிலேயே கோதாவரி என்று எழுதிவிடாதீர்கள், மறுபடி காவேரிக் கதை ஆகிவிடும். அவள் மகன் ராஜராஜ நரேந்திரன் காலத்தில்தான் நன்னயா தெலுங்கில் மகாபாரதம் பாடத் தொடங்கினார். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த ராஜாவைத் தெரியும். அவர் அம்மா தஞ்சாவூர்ப் பெண் என்று நான் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். அவள் பேரன்தான் 1070இல் சோழ சிம்மாசனம் ஏறிய முதல் குலோத்துங்கன். அதைப் படித்த அன்று அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

வெட்டாற்றங்கரை:

மூன்று பேருக்கும் நன்றி. மேல்மாடமும் வீணையும் போய்விட்டன. பெரிய நந்தி மேல் ஏறி விளையாடுகிற காட்சி நாலாவது அத்தியாயத்தில் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். மனசு வலித்தது, ஆனால் சரி.

அந்த இடத்தில் புதிதாக எழுதியது இது. சோழர் அரண்மனை இருந்த பழையாறையில் அத்தையும் அவளும் பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "அத்தே, உங்களுக்கும் கல்யாணம் ஆச்சு. நீங்க மட்டும் இங்கேயே இருக்கீங்களே?" என்கிறாள் சின்னவள். பெரிய குந்தவை வந்தியத்தேவரை மணந்தும் தம்பியின் நாட்டிலேயே இருந்தவர். அத்தை உடனே பதில் சொல்லவில்லை. நார் தீரும் வரை தொடுக்கிறார். அப்புறம், "உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்" என்கிறார். அவ்வளவுதான்.

நேற்று சனிக்கிழமை வாசித்தேன். கேள்வி கேட்ட பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவ திரும்பி வந்தாளா அத்தே?" என்றாள். விமலாதித்தன் நம்ம ஐயாறப்பர் கோயிலுக்கு வெள்ளிக் கலசம் கொடுத்த கதையைச் சொன்னேன். கூட அவளும் வந்திருப்பாள் என்றுதான் நான் எழுதப் போகிறேன் என்றேன். பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கோயிலுக்குப் பிறந்ததிலிருந்து போகிறவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறேன். பதினாலு வருஷம் கழித்து வண்டி தஞ்சையை நெருங்குகிறது. அவள் கிளம்பும்போது வெறும் ஆகாயமாக இருந்த இடத்தில் 216 அடி விமானம் நிற்கிறது. அத்தை கொடுத்த நகைகளின் எடை, கழஞ்சு மஞ்சாடி குன்றி என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அவள் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படிக்கிறாள். பக்கத்தில் அவள் மகன், "இது என்ன எழுத்தும்மா?" என்று தெலுங்கில் கேட்கிறான்.

கோதாவரிக்கரைத் தங்கச்சி, அந்த ஒரு வரியைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று எழுதி அனுப்புங்கள்.