உயர்த்திய ஜிப்சி: நேர் ரோட்டில் அலைகிறது, பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீரிங் உதறுகிறது. எங்கிருந்து பார்ப்பது?

காவேரிப்பட்டணம்_தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2011 மாடல் மாருதி ஜிப்சி கிங், நான்கு சக்கரமும் இழுக்கும் (4x4) ஜீப் மாதிரி வண்டி. மாந்தோப்புக்குப் போகும் மண் பாதையில் மழை பெய்தால் நடுமேடு வண்டியின் அடியில் தட்டும். அதற்காக இரண்டு மாதம் முன்பு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து வண்டியை உயர்த்தினேன். நான்கு பக்கமும் 2 அங்குலம் நீளமான ஷாக்கிள் (கமான் கட்டின் ஒரு முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் துண்டு), முன்பக்கக் கமான் கட்டில் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஒரு பட்டை கூடுதல். 205/70 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து மூன்று தொந்தரவு. 70-ஐத் தாண்டினால் நேர் ரோட்டிலேயே வண்டி இடம் வலம் அலைகிறது, திருப்பத்தில் ஒடித்த ஸ்டீரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. 55, 60 வேகத்தில் பாலத்து இணைப்பிலோ பள்ளத்திலோ ஏறினால் ஸ்டீரிங் இரண்டு கைக்கும் அடங்காமல் உதறுகிறது, 30-க்குக் குறைத்தால்தான் நிற்கிறது. நேராகப் போகும்போது ஸ்டீரிங் வளையத்தின் குறுக்குக் கம்பி வலது பக்கம் சாய்ந்தே இருக்கிறது.

வீல் பேலன்சிங் ஒரு தடவை, அலைன்மென்ட் இரண்டு தடவை, புது ஸ்டீரிங் டேம்பர் (ஸ்டீரிங் உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்), எல்லாம் ஆயிற்று. உதறல் கொஞ்சம் தள்ளிப் போனது, நிற்கவில்லை. உயர்த்திய பட்டறையில் கேட்டால் "ஏத்துனா அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்கிறார்கள். போன வாரம் சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் உதறல் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் லாரி, பின் சீட்டில் என் பெண். அதற்கப்புறம் வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றவே இல்லை. எதை முதலில் பார்ப்பது என்று யாராவது சொன்னால் பெரிய உதவி.

சேலம்_4x4

ஸ்டீரிங் பாக்ஸ் தலையில் ஒரு திருகு இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி அதைக் கால் சுற்று இறுக்குங்கள், ப்ளே (வெற்று ஆட்டம்) போய்விடும். உதறலுக்கு இன்னொரு டேம்பர் சேர்த்து இரட்டையாகப் போட்டுவிடுங்கள். என் நண்பர் வண்டியில் அப்படித்தான் சரியானது.

பென்னாகரம்_பட்டறை

தம்பி, அந்தத் திருகைத் தொடாதீர்கள். அது பாக்ஸுக்குள் இருக்கும் பல் தண்டான செக்டர் ஷாஃப்டின் இடைவெளியைச் சரிசெய்ய வைத்தது. வெளியில் எங்கோ இருக்கும் ஆட்டத்துக்கு அதை இறுக்கினால், நடு நிலையில் ஸ்டீரிங் பிடித்துக்கொள்ளும், பல்லும் தேயும். ஏற்கெனவே திரும்பி வராத ஸ்டீரிங் இன்னும் வராது. டேம்பரும் அப்படித்தான். உதறலை அமுக்குமே தவிர அதன் காரணத்தை எடுக்காது. ஒரு டேம்பர் மாட்டியும் உதறுகிறது என்றால், உள்ளே ஏதோ நன்றாகவே தளர்ந்திருக்கிறது.

30 வருடமாக ஜீப்பும் ஜிப்சியும்தான் என் பிழைப்பு. நான் எப்போதும் முதலில் செய்வது இது, காசு செலவில்லை. வண்டி தரையிலேயே நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம், இன்ஜின் அணைந்திருக்கட்டும். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் விட்டு விட்டு ஆட்டச் சொல்லுங்கள். முழுதாக ஒடிக்க வேண்டாம், டயர் அசையலாமா என்று யோசிக்கிற அளவு போதும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் கை வையுங்கள். பாக்ஸ் சேஸியில் உட்கார்ந்திருக்கும் போல்ட், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்கின் (அந்தக் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) இரண்டு முனை, டை ராடின் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) இரண்டு முனை. தளர்ந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக வரும், விரலுக்கு 'டக்' என்று தெரியும். கண்ணைவிடக் கையை நம்புங்கள்.

அப்புறம் முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணி) பேரிங். இந்த வித்தியாசம் தெரியாமல் வீல் பேரிங்கை மாற்றிவிட்டுத் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

ஓசூர்_டூல்ரூம்

அண்ணன் சொன்ன சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள். என் பங்குக்கு ஒன்று: மூன்று தொந்தரவையும் ஒரே நோயாக எண்ண வேண்டாம். உதறல் தளர்ச்சியால் வருவது. அலைவதும் திரும்பி வராததும் காஸ்டர் கோணம் போனதன் அடையாளம். ஸ்டீரிங் கம்பி சாய்ந்திருப்பது டிராக் லிங்கின் நீளம்.

காஸ்டர் என்றால் கிங் பின்னின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருப்பது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதும் கையை விட்டாலும் அது நேராக ஓட ஒரு காரணம். ஜிப்சியில் அந்தச் சாய்வு மூன்றரை டிகிரி அளவில் இருக்கும். முன் கமான் கட்டின் ஷாக்கிள் இந்த வண்டியில் முன்முனையில் இருக்கிறது. அதை நீளமாக்கினால் கட்டின் முன்முனை கீழே இறங்கும், அச்சும் முன்பக்கம் கவிழும், கிங் பின்னின் தலை முன்னே வந்துவிடும். 2 அங்குலம் நீளமான ஷாக்கிள் ஏறக்குறைய 3 டிகிரியைத் தின்றுவிடும். மிச்சம் அரை டிகிரிதான்.

அலைன்மென்ட் செய்தவர்கள் கொடுத்த தாளில் காஸ்டர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டு முன் சக்கரமும் ஒரே அச்சில் இருக்கும் நேர் அச்சு வண்டியில் அவர்கள் திருப்பிச் சரிசெய்யக்கூடியது டோ (முன் சக்கரங்கள் முன்னால் உள்ளே ஒடுங்கும் அளவு) மட்டும்தான். அதனால் காஸ்டரைப் பெரும்பாலும் அளப்பதே இல்லை. உயர்த்தியபோது அச்சுக்கும் கட்டுக்கும் நடுவில் ஆப்புத் தகடு (ஒரு முனை தடித்த சாய்வுத் துண்டு) வைத்தார்களா என்றும் பாருங்கள்.

காவேரிப்பட்டணம்_தோப்பு

அண்ணா, நேற்று மாலை தம்பியை உட்காரவைத்துச் செய்தேன். டை ராட் முனைகள் கெட்டியாக இருக்கின்றன. டிராக் லிங்கில் பிட்மேன் ஆர்ம் பக்க முனையில் சின்ன 'டக்'. ஜாக்கியில் தூக்கினால் வலது சக்கரம் சுத்தம். இடது சக்கரம் மேலும் கீழும் ஆடுகிறது, பிரேக் மிதித்தாலும் ஆடுகிறது.

அலைன்மென்ட் தாளில் காஸ்டர் கட்டம் இரண்டு தடவையும் காலி. ஆப்பு வைத்திருக்கிறார்கள், அலுமினியம். தடித்த பக்கம் பின்னால் இருக்கிறது.

ஓசூர்_டூல்ரூம்

தடித்த பக்கம் பின்னாலா? நன்றாகப் பார்த்தீர்களா? உங்கள் வண்டியில் கமான் கட்டு அச்சுக்குக் கீழே இருக்கிறதா, மேலேயா?

காவேரிப்பட்டணம்_தோப்பு

கீழே. கட்டின் மேல் ஆப்பு, அதன் மேல் அச்சு. ஆப்பின் தடித்த முனை பின் பம்பரைப் பார்த்து இருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படியே.

ஓசூர்_டூல்ரூம்

அப்படியென்றால் ஆப்பு தலைகீழ். லாரியின் முன் அச்சில் கட்டு அச்சுக்கு மேலே உட்காரும். அங்கே தடித்த முனை பின்னால் போனால் காஸ்டர் கூடும். லாரி வேலை பார்த்த கை பழக்கத்தில் அப்படியே வைத்திருக்கலாம். ஜிப்சியில் அச்சு கட்டின் மேல் உட்காருகிறது. தடித்த முனை முன்னால் இருந்தால்தான் அச்சின் முன்பக்கம் தூக்கி, கிங் பின் தலை பின்னால் சாயும். இப்போது ஷாக்கிள் கெடுத்ததை ஆப்பு இன்னும் கெடுக்கிறது.

அளந்தே பார்த்துவிடலாம். சமதளமான சிமென்ட் தரையில் சக்கரம் நேராக நிற்க, கிங் பின் மேல்மூடியின் தட்டையான இடத்தில் ஒரு நேரான இரும்புத் துண்டை முன்பின்னாக வைத்து, அதன் மேல் கைபேசியின் சாய்வுமானியை வையுங்கள். பின்பக்கம் சரிந்தால் நல்லது, முன்பக்கம் சரிந்தால் கெட்டது.

காவேரிப்பட்டணம்_தோப்பு

நெல் காயப்போடும் களத்தில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் முன்னால் 2 டிகிரி, வலது பக்கம் முன்னால் ஒன்றரை. ஆப்பின் மேல் 2.5 என்று அடித்திருக்கிறது.

பென்னாகரம்_பட்டறை

கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். ஆப்பைத் திருப்பினால் 5 டிகிரி மாறும், 3 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் அந்த அலுமினிய ஆப்பை மறுபடி போடாதீர்கள். தோப்புப் பாதையில் அடி வாங்கி விரிசல் விடும். ஒருமுறை அஞ்செட்டி காட்டுப் பாதையில் ஆப்பு உடைந்து, கட்டையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்து, அச்சு ஒரு பக்கம் நகர்ந்த வண்டியை நானே இழுத்து வந்திருக்கிறேன். ஓசூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, இரும்பில் கடையச் சொல்லுங்கள். கட்டின் நடு போல்ட்டின் தலை ஆப்பைத் தாண்டி அச்சின் குழிக்குள் உட்கார வேண்டும். பழையது எட்டாவிட்டால் நீளமாகப் போடுங்கள். யூ போல்ட்டும் புதிதாகவே போடுங்கள், ஒருமுறை நீண்டது மறுபடி சரியாகப் பிடிக்காது.

ஆனால் முதலில் இடது கிங் பின். ஓடை தாண்டும் வண்டியில் சீல் போனால் தண்ணீர் இறங்கி பேரிங் துருப்பிடிக்கும். மேலும் கீழும் இரண்டு பேரிங்கையும் மாற்றுங்கள். மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். டை ராடைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், குத்துமதிப்பாக வேண்டாம். டிராக் லிங்க் முனையையும் இதோடு மாற்றிவிடுங்கள்.

ஸ்டீரிங் கம்பியை நேராக்க ஸ்டீரிங்கைக் கழற்றித் திருப்பி மாட்டுபவர்கள் உண்டு. அது கூடாது. பாக்ஸின் நடு நிலையும் சக்கரத்தின் நேர் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டி உயர்ந்ததும் டிராக் லிங்க் சாய்வாகிவிட்டது, குறுக்கே அது எட்டும் தூரம் குறைந்துவிட்டது. அதன் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். டோ பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகு.

பர்கூர்_ஓட்டுனர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2011 வண்டி என்றால் 15 வருடத்தில் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

காவேரிப்பட்டணம்_தோப்பு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இடது கிங் பின்னின் கீழ் பேரிங்கைக் கழற்றியபோது உருளைகள் துருவும் சேறுமாகக் கையோடு வந்தன. இரண்டு பேரிங், சீல், டிராக் லிங்க் முனை மாற்றினேன். இரும்பு ஆப்பு ஓசூரில் கடைந்து, தடித்த முனை முன்னால் வைத்தோம். இப்போது இடது பக்கம் பின்னால் 3, வலது பக்கம் 3-க்குச் சற்று மேல். டோ நாங்களே டேப் வைத்து அளந்து 4 மில்லிமீட்டர் உள்வாங்கல் வைத்தோம்.

நேற்று கிருஷ்ணகிரி போய் வந்தேன். அதே பாலத்து இணைப்பில் 60-இல் ஏற்றினேன், ஒன்றுமே இல்லை. திருப்பத்தில் கையைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாக வருகிறது. பழைய டேம்பரையே மாட்டிப் பார்த்தேன், அப்போதும் உதறவில்லை.

இரண்டு விஷயம் மிச்சம். பெரிய மேட்டில் முன்பக்கம் அமுங்கும்போது வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. 4x4 போட்டால் முன் ஷாஃப்டின் ஜாயின்ட்டில் ஒரு அதிர்வு.

ஓசூர்_டூல்ரூம்

இரண்டும் எதிர்பார்த்ததுதான். அமுங்கும்போது இழுப்பது டிராக் லிங்கின் சாய்வால். அச்சு மேலே போகும் வளைவும் லிங்க் போகும் வளைவும் வேறு வேறு. ஷாக்கிளை 1 அங்குலம் குறைத்தால் இழுப்பு குறையும், காஸ்டரும் கூடும், அப்போது ஆப்பை மெல்லியதாக மாற்ற வேண்டும். அதிர்வு, அச்சைப் பின்னால் சாய்த்ததால் முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கி முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்டின் கோணம் கூடியதால் வருவது. முன் சக்கர ஹப்பின் பூட்டைத் திறந்து, பின் சக்கரம் மட்டும் இழுக்கும்படி (2 வீல்) ஓட்டும்போது அந்த ஷாஃப்ட் சுற்றாது, அதனால் தெரியாது. தோப்புக்குள் மெதுவாகப் போகிற வரை பரவாயில்லை. ஜாயின்ட் கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பென்னாகரம்_பட்டறை

நானாக இருந்தால் அந்த 1 அங்குலத்தைக் குறைத்துவிடுவேன். தோப்புக்கு அந்த உயரமே போதும், டயர் பெரிதானதே அடியில் 3 சென்டிமீட்டர் கொடுத்திருக்கிறது. 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க மறக்காதீர்கள் தம்பி. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதே இறுக்குங்கள்.