வரிக்காசு திரும்பி வந்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கொக்குவில் மகள்

இலங்கையில் வங்கி வட்டியில் பிடித்த வரியைத் திருப்பி வாங்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். படிவம், சான்றிதழ், அலைச்சல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நான் எழுத வந்தது ஒரு பின்னேரத்தைப் பற்றி.

அப்பா காலமான பிறகு வேலணைக் காணியை விற்று, 25 இலட்சத்தை அம்மாவின் பெயரில் 2023 ஜனவரியில் ஓராண்டு நிலையான வைப்பில் போட்டோம். அப்போது வட்டி 20 வீதம். முதிர்ந்தபோது 5 இலட்சம் வட்டி. அதில் 5 வீதம், அதாவது 25,000 ரூபா, வரியாகக் கழிந்துவிட்டது. அம்மாவுக்கு வேறு வருமானம் அப்பாவின் வழியில் வரும் ஓய்வூதியம் மட்டும். அதற்கு வரி கிடையாது. ஆண்டுக்கு 12 இலட்சம் வரை வரி இல்லை என்றிருந்த காலம் அது. ஆக, கழித்த காசு முழுவதும் திரும்ப வேண்டியது. வரி இலக்கம் எடுத்ததும், ஆண்டு வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டை வரித் திணைக்களத்துக்கு அனுப்பியதும் நான்தான். இந்த ஆனி மாதம் காசு அம்மாவின் கணக்கில் விழுந்தது. அட்டை என்னிடம் இருந்தது.

அன்றைக்கே எடுத்துவிட்டேன். மகன் உயர்தரம் படிக்கிறான். இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் மூன்று மாத வகுப்புக் கட்டணம் பாக்கி. அதைக் கட்டினேன். மிச்சத்தில் அவனுடைய சைக்கிளுக்கு இரண்டு டயர்.

மூன்று வாரம் கழித்து அம்மா திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "அந்த வரிக்காசு வந்ததா பிள்ளை?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை அம்மா" என்றேன்.

அம்மா ஒரு காம்பை உருவினார். இலைகள் சுளகில் கொட்டின. "சரி" என்றார். வெறும் காம்பை மற்றக் காம்புகளோடு சேர்த்து வைத்தார்.

நான்கு மாதம் ஆகிறது. கேட்டிருந்தால் தந்திருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

கொடிகாமத்துத் தம்பி

எங்கள் வீட்டில் வரிக்காசு என்றால் கனடாவிலிருந்து வருவது. அண்ணன் போய்ப் பதினான்கு ஆண்டு. ஒவ்வொரு வைகாசியிலும், "வரிக்காசு வந்துவிட்டது, அனுப்புகிறேன்" என்பார். கிணற்று மோட்டார் ஓர் ஆண்டு, குளியலறை ஓர் ஆண்டு, தங்கையின் தையல் இயந்திரம் ஓர் ஆண்டு. அப்பா தோட்டக்காரர். மழையை எதிர்பார்ப்பது போலத்தான் இதையும் எதிர்பார்த்தார். கனடா அரசாங்கம் சித்திரை முடிந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் என்றே நம்பியிருந்தார்.

அந்த ஆண்டு முன்விறாந்தைக் கூரைக்குப் பனஞ்சிலாகை சொல்லி, முற்பணம் கொடுத்து, முற்றத்தில் இறக்கியும் ஆயிற்று. அப்போதுதான் அண்ணன் தொலைபேசியில் வந்தார். "இந்த முறை வராது. நான்தான் கட்ட வேண்டும்." பகலில் தொழிற்சாலை, இரவில் கட்டடத் துப்புரவு என்று இரண்டு வேலை செய்திருக்கிறார். இரண்டு இடத்திலும் அடிப்படை விலக்கை, அதாவது வரி இல்லாத தொகையை, கழித்துவிட்டுத்தான் வரி பிடித்திருக்கிறார்கள். அந்த விலக்கு ஓர் ஆளுக்கு ஒருமுறைதான். ஆண்டு முடிவில் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பாக்கி 2,300 டொலர். முந்திய ஆண்டுகளில் கூடுதலாகப் பிடித்தார்கள், திரும்பி வந்தது. இந்த ஆண்டு குறைவாகப் பிடித்துவிட்டார்கள் என்று விளக்கினார்.

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா குறுக்கிட்டார். "அப்படியென்றால் இவ்வளவு நாளும் வந்தது உன் சம்பளக் காசா, தம்பி?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சிலாகைகளை எண்ணத் தொடங்கினார். பதினெட்டு. எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

கொக்குவில் அக்கா, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

மானிப்பாய், ஓய்வுபெற்ற வங்கியாளர்

என்னையும் ஒருவர் இன்றுவரை விடவில்லை. வட்டித் துண்டுகளைப் பஞ்சாங்கத்தின் தாள்களுக்கிடையில் ஒழுங்காக வைத்துக்கொண்டு வருகிற ஒரு முதியவர். பிடித்த வரி மொத்தம் 1,140 ரூபா. "இதற்குப் போய் அலைவீர்களா ஐயா, பஸ் காசுக்கே காணாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பஞ்சாங்கத்தை மூடி, நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். பிறகு அவர் வரவில்லை. அவருக்காக அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கலாம்.

அதனால் இப்போது கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருப்பி வாங்கிய காசை யார் செலவழித்தது என்று மனம் நோவதற்கு முன்னால், அதைப் பிடிக்க விடாமல் செய்யுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. அதே நாளிலிருந்து வரி விலக்கும் ஆண்டுக்கு 18 இலட்சமாக உயர்ந்தது. முதலாவது செய்தி எல்லோர் காதிலும் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாத ஒருவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்க மாட்டார்கள். அதற்கு வரி இலக்கம் வேண்டும். கொக்குவில் மகள், உங்கள் அம்மாவிடம் அது ஏற்கனவே இருக்கிறது. பாதி வேலை முடிந்துவிட்டது!

ஒன்றைக் கவனியுங்கள். வட்டி முதிர்வில் வருவதானால் அந்த நாளுக்கு முன்பே படிவம் போய்ச் சேர வேண்டும். பிடித்த பிறகு வங்கியோடு வாதாடிப் பயனில்லை. பிடித்த காசு அரசாங்கத்துக்குப் போய்விடும். விபரத்திரட்டு வழியாகத்தான் திரும்பும். வரி ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 இல் முடியும், விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. சென்ற ஆண்டு கொடுத்த படிவம் இந்த ஆண்டுக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வரிக்குப் பயந்து வைப்பை மூன்று பிள்ளைகளின் பெயரில் பிரித்துப் போடவும் வேண்டாம். அப்படிப் பிரித்துவிட்டு, மருந்துக்குப் பணம் எடுக்கப் பிள்ளையின் கையெழுத்துக்காகக் காத்திருந்த தாய்மாரை என் மேசைக்கு முன்னால் கண்டிருக்கிறேன்.

உங்கள் அம்மாவின் 25 இலட்சம் இப்போது 8 வீதத்தில் இருக்கிறது என்று வைத்தால் வட்டி 2 இலட்சம், வரி 20,000. ஒரு கையெழுத்து அந்த இருபதாயிரத்தை மிச்சப்படுத்தும். மீளளிப்பு வருகிறது என்று மகிழ்வது, அரசாங்கத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டு முதல் திரும்பியதற்கு மகிழ்வது போன்றது.

பருத்தித்துறை அம்மா

மானிப்பாய் ஐயா, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வேலை செய்த திட்டம் 2023 செப்டெம்பரோடு முடிந்தது. சம்பளம் 180,000. மாதம் 7,100 ரூபா வரியாகக் கழித்தார்கள். ஆறு மாதச் சம்பளம் 10 இலட்சத்து 80 ஆயிரம்தான். அதற்குப் பிறகு வேலையே இல்லை. அந்த ஆண்டின் வருமானம் 12 இலட்சத்தைத் தாண்டாததால் 42,600 ரூபாவும் மீளளிப்பாக வந்தது. மாதாமாதம் அந்த 7,100 கையில் வந்திருந்தால் எங்கே போயிருக்கும்? மீனுக்கும் மின்சாரத்துக்கும் போயிருக்கும், போனதே தெரியாது. மொத்தமாக வந்தபடியால்தான் மகளின் தோட்டை அடைவிலிருந்து மீட்டேன்.

ஒரு சோடிச் சிவப்புக்கல் தோடு. வேலை போன கையோடு அடைவு வைத்தது. காகித உறையைக் கிழித்து, நிறுத்துக் காட்டி, என் உள்ளங்கையில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு மாட்டப் பார்க்கிறேன், இடது காதில் போகவில்லை. துளை தூர்ந்துபோயிருந்தது. இவ்வளவு நாளும் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காதோடு போய்வந்தவள் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. நான் அழுத்தியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பரவாயில்லை அம்மா, ஒன்றை மட்டும் போடுங்கள்" என்றாள்.

பிறகு நல்லெண்ணெய் தடவி, வேப்பம் ஈர்க்கு வைத்து, பத்து நாளில் சரியாயிற்று. ஆனாலும் அவளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் என் கை அந்தக் காதில்தான் போய் நிற்கிறது.

காரைநகர் வாசகன்

எங்கள் வீட்டில் எதிர்பாராமல் காசு வந்தால் முதல் பங்கு அம்மன் கோயிலுக்கு. போன ஆண்டு வந்த 9,000 ரூபா முழுவதையும் தேர்த் திருவிழா அன்னதானத்துக்கு அரிசியாகக் கொடுத்தோம். மூட்டையை இறக்கியபோது அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது உங்களிடமிருந்து பிடித்த காசுதான் அம்மா, புதிதாக யாரும் தந்ததில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். கொக்குவில் சகோதரி, பேரனின் படிப்புக்குப் போனது வீண்போகவில்லை. இவ்வளவு வருந்த வேண்டாம்.

பருத்தித்துறை அம்மா

அவர் வருந்துவது காசு போன இடத்தைப் பற்றி அல்ல, தம்பி. "இன்னும் இல்லை" என்று சொன்னதைப் பற்றி.

ஸ்கார்பரோவிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவர்

கொடிகாமத்துத் தம்பிக்காக எழுதுகிறேன். உங்கள் அண்ணன் ஏன் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

நானும் அம்மாவிடம் அதையேதான் சொல்லி வந்தேன், அரசாங்கம் தந்தது என்று. சம்பளக் காசு என்று சொன்னால் அம்மா தொடமாட்டார். "பேரப்பிள்ளைகளுக்கு வைத்துக்கொள், எனக்கு என்ன செலவு?" என்பார். அரசாங்கக் காசு என்றால் கண்ணாடி மாற்றுவார், பல் கட்டுவார். அந்த ஒரு பெயருக்காகவே சில ஆண்டுகளில் வராத வரிக்காசையும் வந்ததாகச் சொல்லி, கடன் அட்டையில் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்தக் காசு வருவதற்கு முன்பே பங்கிடப்பட்டுவிடும். சம்பளத் துண்டுகள் பெப்ரவரி முடிவுக்குள் வந்துவிடும், கணக்குக் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 30. ஓர் இரவு, நிலவறைக் குடியிருப்பில், மனைவி ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதினாள். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை. ஊரில் மதில். வாகனக் காப்புறுதி. சின்னவனின் குளிர்காலச் சப்பாத்து. வரவிருந்தது 1,900 டொலர். எழுதியதைக் கூட்டினால் 4,100. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேனாவால் சப்பாத்தை வெட்டினாள்.

அந்த மதிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பாசி பிடித்து, ஓரிடத்தில் வெடித்திருக்கிறது. அம்மா இன்று காலை அதைத் தடவிக் காட்டி, "கனடா அரசாங்கம் கட்டித் தந்தது" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னார். அந்த இடத்தில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. தம்பி, சிலாகைக்குப் பாக்கி எதுவும் இருந்தால் அண்ணனிடம் கேட்காதீர்கள். நீங்களே கொடுங்கள்.

கொடிகாமத்துத் தம்பி

கொடுத்துவிட்டோம் அண்ணை. தங்கை தைத்த காசு.

கொக்குவில் மகள்

நேற்று வெள்ளிக்கிழமை. மானிப்பாய் ஐயா சொன்னபடி வங்கிக்குப் போய்ச் சுயபிரகடனப் படிவத்தை வாங்கிக்கொண்டு, அப்படியே அம்மாவிடம் போனேன். வைப்பு ஜனவரியில் முதிர்கிறது. அதற்குள் கொடுத்துவிட வேண்டும். படிவத்தைக் காட்டி அதிலிருந்தே பேச்சை எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்ததும் மற்றதுதான் முதலில் வாயில் வந்தது. "அம்மா, அந்த வரிக்காசு ஆனியிலேயே வந்துவிட்டது. நான் எடுத்துவிட்டேன்."

அம்மா எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வங்கிப் புத்தகத்தோடு வந்து, விரலை எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டி, என் முன்னால் வைத்தார். ஆடி மாதம் ஓய்வூதியம் எடுக்கப் போனபோது பதிந்து கொடுத்திருக்கிறார்கள். வரவு 25,000. அதற்கு அடுத்த வரியிலேயே எடுத்தது 25,000. இரண்டுக்கும் ஒரே திகதி.

திண்ணையில் முருங்கையிலை ஆய்ந்த அன்று அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்.

"வகுப்புக் காசு கட்டினேன்" என்றேன்.

"டயரும் மாற்றினாய். பார்த்தேன்."

வேறு எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்தார். என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். நெடுநேரம் வாசித்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

"எங்கே கையெழுத்து, பிள்ளை?"