பெரிய துயரத்தைக் கடந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு நாள் நிகழ்ச்சி: எதைச் செய்யலாம், எதை விடலாம்?

மழைத்துளி:
வணக்கம். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து, இழப்பு, வன்முறை, விபத்து என்று பெரிய அடி வாங்கிய குடும்பங்களுக்காக ஒரு சனிக்கிழமை முழுக்க நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். பிள்ளைகளுக்கு ஓவியம், களிமண், விளையாட்டு எல்லாம் யோசித்தாயிற்று. பெரியவர்களுக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தால் மனபாரம் இறங்கும் என்கிறார்கள் எங்களில் சிலர். எனக்கு ஏனோ அது உறுத்துகிறது, ஆனால் ஏன் வேண்டாம் என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரையோரம்:
உங்கள் உறுத்தல் சரிதான், அந்த வட்டம் வேண்டவே வேண்டாம். நான் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது, டிப்ரீஃபிங் என்பார்கள். அது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு 2002-ல் வந்தது. அப்படிப் பேச வைப்பதால் பிற்கால மனவடு தடுக்கப்படவில்லை என்றுதான் அதில் தெரிந்தது, ஓர் ஆய்வில் ஓராண்டு கழித்துப் பாதிப்பு கூடியே இருந்தது. குழுவில் என்றால் தன் வலியோடு அடுத்தவர் கதையையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பார், காது கொடுத்துக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு என்றுதான் சொல்கிறது, பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதில் அது தெளிவாக இருக்கிறது. தானாகப் பேசினால் கேளுங்கள். மற்றபடி கையும் காலும் ஏதாவது செய்யட்டும். செடி நடுவது, தாளம் தட்டுவது, எதையாவது சேர்ந்து கட்டுவது போதும். தூக்கமில்லாமல், திடுக்கிட்டு விழித்து, மாதம் தாண்டியும் தவிப்பவர்களுக்கு முறையான சிகிச்சை வேண்டும், அது உங்கள் நிகழ்ச்சியின் வேலை இல்லை. எங்கே போகலாம் என்ற விவரம் மட்டும் கையில் இருக்கட்டும்.

பழைய தன்னார்வலர்:
ஒன்று கேளுங்கள், பலூன் வைக்காதீர்கள். எங்கள் முதல் நிகழ்ச்சியில் அலங்காரத்துக்குக் கட்டிய பலூன் ஒன்று வெடித்தது, ஒரு சிறுமி மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டாள், அவளை வெளியே கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது, அதுவும் அவள் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாகப் பேசியதால்தான். அன்றிலிருந்து விசில், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். அமைதியான ஓர் அறை திறந்தே இருக்கும், வெளியே போகும் வழி எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும், அடுத்து என்ன நடக்கும் என்று காலையிலேயே எழுதி ஒட்டிவிடுவோம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவே மாட்டோம்.

அப்புறம், ஓரமாக நிற்கும் அப்பாக்கள். வாங்க வாங்க என்று இழுத்தால் வாசலுக்கே போய்விடுவார்கள். ஒருவரிடம் ஒரு கயிற்றைக் கொடுத்து, இந்தப் பந்தல் சாய்கிறது, கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். மதியம் பார்த்தால் மகனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். உதவி வாங்க மட்டுமே வந்தவராக யாரையும் வைக்காதீர்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், இப்படி ஒரு நாளுக்குப் போனவள். வாசலிலேயே "பாதிக்கப்பட்ட குடும்பங்கள்" என்று பெரிய பேனர். பதிவுப் படிவத்தில் என்ன நடந்தது என்று ஒரு கேள்வி, வரிசையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கேட்காமலே போட்டோவும் எடுத்தார்கள். அதே நாளில் என் சின்னவன் மாதக்கணக்கில் கேட்காத ஒரு சிரிப்புச் சிரித்தான், அதற்காக அவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அடுத்து அந்த அக்கா எப்போ வருவாங்க என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், யாரும் வரவில்லை. பெரிதாக ஒரு நாள் வேண்டாம், சின்னதாக மாதம் ஒரு முறை, அதே முகங்களோடு நடத்துங்கள். "எல்லாம் நல்லதுக்கே" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி:
மூன்று பேருக்கும் நன்றி. வட்டம், பேனர், பலூன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம், செலவைப் பிரித்து ஆறு மாதத்துக்கு அரை நாள் அரை நாளாக நடத்தப் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: வரையும்போது ஒரு பிள்ளை தானாகவே எதையாவது சொல்ல ஆரம்பித்தால்?

கரையோரம்:
வரைவதை நிறுத்தாமல் கேளுங்கள். நீ சொன்னது நல்லது என்று சொல்லுங்கள், மேற்கொண்டு துருவ வேண்டாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளை இப்போதும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்பைப் பார்ப்பவர்களிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை முதல் நாளுக்கு முன்பே உங்களுக்குள் முடிவு செய்துவிடுங்கள்.