விண்ட்சர்ஃப் போர்டின் மூக்கில் ஃபோம் பேட்: ஒட்டியவர்களின் அனுபவம்

நான் இருப்பது அமெரிக்காவின் ஓரிகானில். கோடை வந்தால் விடுமுறை நாளெல்லாம் கொலம்பியா ஆற்றில், ஹூட் ரிவர் பக்கம்தான். கிழக்கே வறண்ட சமவெளி கொதிக்கும்போது, மேற்கிலிருந்து குளிர்ந்த கடற்காற்று காஸ்கேட் மலைகளைப் பிளந்து வரும் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வரும். ஆறு மேற்கே ஓட, காற்று கிழக்கே அடிக்க, இரண்டும் மோதுகிற இடத்தில் அலை குத்துக்குத்தாக எழும்பும். இங்கே விண்ட்சர்ஃபிங், அதாவது பாய்மரம் பூட்டிய போர்டில் நின்று காற்றால் ஓடுவது, செய்கிறவர்களுக்கு ‘கேட்டபுல்ட்’ பழகிப்போன விஷயம். அலைப்பள்ளத்தில் மூக்கு செருகி போர்டு சட்டென்று நின்றுவிடும். இடுப்புப் பட்டையான ஹார்னஸின் கொக்கி, கையால் பிடிக்கும் குறுக்குக் குழாயான பூமில் மாட்டியபடியே ஆள் முன்னால் போய் விழுவார். பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்டும் கூடவே சாய்ந்து, பூமின் தலைப்பகுதி போர்டின் மூக்கில் ஓங்கி இடிக்கும்.

அந்த ஒரு இடி போதும். போர்டின் உள்ளே இருப்பது ஈ.பி.எஸ், அதாவது நம் தெர்மோகோல்தான். அதன்மேல் சில மில்லிமீட்டர் கெட்டியான பி.வி.சி ஃபோம், அதற்கும் மேல் எபாக்ஸியில் ஊறிய கண்ணாடி இழையோ கார்பனோ. எடை ஏறக்கூடாது என்பதற்காகத் தோலை மெல்லிசாகத்தான் போடுவார்கள். பரவலான அழுத்தத்தை அது தாங்கும். ஒரே புள்ளியில் விழும் அடியைத் தாங்காது. அந்த அடியைப் பரப்பிவிடத்தான் பேட்.

இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்: பழைய போர்டு ஒன்று வாங்கினேன். மூக்கில் கறுப்பு பேட், பார்க்க நன்றாகவே இருந்தது. தூக்கினால் இருக்க வேண்டியதைவிடக் கனம். அதைச் சொல்லி விலையைக் குறைத்துத்தான் வாங்கினேன். வீட்டில் ஹேர் டிரையரால் சூடு காட்டி, பிளாஸ்டிக் சுரண்டியால் பேட்டை மெல்ல உரித்தேன். அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். விரிசலுக்குக் கீழே தெர்மோகோலையே காணோம். எலுமிச்சம்பழம் அளவுக்குக் குழி, ஓரங்கள் உருகி வழவழவென்று இறுகியிருந்தன. போர்டைச் சாய்த்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. யாரோ விரிசலை அடைக்காமல், அதன்மேலேயே காண்டாக்ட் சிமென்ட் பூசி பேட்டை ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் ஈ.பி.எஸ்ஸைக் கரைத்துவிடும். மேலே பேட் மூடியிருந்ததால் வெளியே எதுவும் தெரியவில்லை.

ஆகவே பேட் வாங்கப் போகிறவர்கள் முதலில் மூக்கைச் சுற்றி நாணயத்தால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாகக் கேட்டாலோ, கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கினாலோ, அங்கே வேலை இருக்கிறது. நீர் முழுக்க வற்றும்வரை காயவிட்டு, எபாக்ஸியும் கண்ணாடி இழையும் வைத்து மூடுங்கள். பாலியெஸ்டர் ரெசின் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள ஸ்டைரீனும் தெர்மோகோலைத் தின்றுவிடும்.

ஒட்டும் முறை பெரிய வித்தையில்லை. 6 முதல் 10 மி.மீ. கனமுள்ள ஈ.வி.ஏ ஃபோம் போதும், அது நீர் குடிக்காது. முகாம் பாயை வெட்டி ஒட்டலாம் என்பார்கள். பல பாய்கள் பாலிஎத்திலீன், பசை பிடிக்காது. செய்தித்தாளில் அச்சு வெட்டி, மூக்கில் வைத்துப் பார்த்து, பிறகு ஃபோமில் வரையுங்கள். ஒட்டும் பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காண்டாக்ட் சிமென்டை (விரிசல் இல்லாத தோலில் அது தெர்மோகோலைத் தொடாது) இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வைத்த பிறகு நகர்த்த முடியாது, அதனால் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே போங்கள்.

என் கவனமெல்லாம் விளிம்பில்தான். கூரான மூலை இருந்தால் தண்ணீர் அங்கிருந்துதான் உரிக்கத் தொடங்கும். மூலைகளை வட்டமாக வெட்டி, விளிம்பைச் சரிவாகச் சீவிவிடுங்கள். மூக்கின் வளைவுக்கு ஃபோமை முன்கூட்டியே சூடு காட்டி வளைத்து, ஆறவிட்டு, அதன் பிறகு பசை பூசுங்கள். வளைக்காமல் இழுத்து ஒட்டினால் அது நிமிரவே பார்க்கும்.

*

சென்னையிலிருந்து. இங்கே விண்ட்சர்ஃபிங் சாமான் கிடைப்பது கஷ்டம், ஆனால் செருப்பு செய்கிறவர்களுக்கு இதே ஈ.வி.ஏ வேண்டுமே. பெரியமேட்டில் தோல், செருப்புச் சாமான் கடைகளில் ஷீட்டாகவே கேட்டு வாங்கினேன். பசைக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998. கடைக்காரர் ஒன்று சொன்னார், அது அப்படியே உண்மை: “எவ்வளவு நேரம் அழுத்துறோம்கிறது முக்கியமில்லை தம்பி, எவ்வளவு பலமா அழுத்துறோம்கிறதுதான் முக்கியம். ரப்பர் சுத்தியலால் மூலை மூலையாத் தட்டுங்க.” மழை மாதத்தில் ஒட்டாதீர்கள். ஈரக்காற்றில் பசைமேல் வெண்மையாகப் பூத்துவிடும், அப்புறம் பிடிக்காது. ஏ.சி. அறைக்குள் வைத்து ஒட்டினேன், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, நெடி தலைக்கு ஏறாமல்.

*

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்டில் பழகுகிறேன். பயிற்சிப் போர்டுகளில் மேல்தளம் முழுக்கவே ஈ.வி.ஏ. முட்டி போட்டு ஏறுகிறவர்களுக்கு அது பெரிய வரம். சொந்தமாக ஒட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: காற்றுத்துளைத் திருகை மூடிவிடாதீர்கள். இங்கத்து வெயிலில் உள்ளே விரியும் காற்றுக்கு அதுதான் வழி. கறுப்பைவிட வெள்ளையோ வெளிர்சாம்பலோ நல்லது. பேட் எந்த இடத்தில் வர வேண்டும் என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

*

ஓரிகான்காரன்தான். காற்றுப் பாயைப் பூட்டி, மாஸ்டைப் போர்டில் மாட்டி, கரையிலேயே மெல்ல முன்னால் சாய்த்துப் பாருங்கள். நேராக ஒருமுறை, இடமாக, வலமாக. படுகிற இடங்களிலெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நீளப் போர்டில் பூம் தலை மூக்கின் பக்கவாட்டில் விழும். புதிய குட்டைப் போர்டில் அது மூக்கைத் தாண்டிப் போய்விடும், இடிப்பது மாஸ்ட். பூமின் உயரத்தை மாற்றினாலும், மாஸ்டின் அடியை டிராக்கில் (போர்டில் அதைப் பொருத்தும் நீளப் பள்ளத்தில்) நகர்த்தினாலும் அந்த இடம் நகரும், அதனால் நீங்கள் வழக்கமாக வைக்கிற அமைப்பிலேயே பாருங்கள். குறித்த இடங்களைச் சுற்றி நாலு விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.